நாற்பத்தொன்றாம் கோப்பில் ஒரு வட்டம்

பிப்ரவரி 27, 2007, செவ்வாய்

ஒரு வட்டம் குறைகிறது.

நாற்பத்தொன்றாம் கோப்பு. நான் நோட்டில் வரைந்தது ஏழு வட்டம், திரையில் ஆறு. பென்சில் நுனியை ஒவ்வொரு வட்டத்தின் மேலும் வைத்து எண்ணினேன். ஏழு. திரையில் விரல் வைத்து எண்ணினேன். ஆறு. ஆனால் ஒப்பிடும் நிரல் பச்சை நிறத்தில் "அதே" என்று காட்டுகிறது.

நான்தான் தப்பாக வரைந்திருப்பேன். பட்டியலில் "அதே" என்று போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். நான் பையை மடியில்தான் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 28, புதன்

அம்மா இத்தாலியிலிருந்து கூப்பிட்டாள். அவள் பார்த்துக்கொள்கிற கிழவர் தூங்கும் நேரத்தில்தான் அவளால் பேச முடியும்.

"அங்க உனக்கு என்னதாண்டி வேல? யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

"கம்ப்யூட்டர்ல சரி பாக்குறேம்மா."

"என்னத்த?"

"கோப்பு."

"சரி. சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் பேசினோம். சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் கிராதினா என்று ஒரு மென்பொருள் செய்கிறார்கள். எந்தப் பொருள் எந்த வகை, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று எழுதி வைத்த படத்தை அதில் திறந்து திருத்தலாம். ஆன்டாலஜி என்று அதற்குப் பெயர். வெவ்வேறு ஊர்க்காரர்கள் வெவ்வேறு மென்பொருளில் இந்தப் படங்களைச் செய்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான ஓர் எழுத்துமுறையில் அவற்றை இணையத்தில் வைக்கிறார்கள். அப்படி வந்த கோப்பை எங்கள் கிராதினா ஒழுங்காக உள்ளே வாங்கிக்கொள்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உள்ளே இறக்குவேன். எதையும் தொடாமல் அப்படியே வெளியே சேமிப்பேன். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் நிரல் ஒப்பிடும். அதே, குறைந்தது, கூடியது. மூன்றில் ஒன்றைப் பட்டியலில் போடுவேன். மொத்தம் எழுபத்திரண்டு கோப்பு. கிராதினாவில் எதையாவது மாற்றினால் எழுபத்திரண்டையும் முதலிலிருந்து.

கோப்புகள் கிரேக்க நகரமான தெசலோனிகியிலிருந்து வருகின்றன. அங்கே ஓர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் குழு அனுப்புகிறது. எல்லாம் குடம், கல்லறை மேடு, வெண்கல விளக்கு. ஒரு குடம், கிடைத்த இடம், ஒரு மேடு. இது ஒரு வரி. வரிக்கு இரண்டு வட்டம், நடுவில் ஓர் அம்பு.

மற்றவர்களுக்குப் படித்தாலே புரிகிறது. எனக்கு வரைந்தால்தான் புரியும். அதனால் புதுக் கோப்பு வந்தால் முதல் தடவை கட்டம் போட்ட நோட்டில் வரைந்துவிடுவேன். முதல் நாற்பதைப் போன இலையுதிர்காலத்தில் வரைந்தேன். மீதி முப்பத்திரண்டு இந்த மாதம்தான் வந்தன.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவளும் கேட்டிருப்பாள். கிழவர் விழித்துக்கொண்டிருப்பார்.

மார்ச் 1, வியாழன்

மார்ச் முதல் தேதி வழக்கப்படி யாவோர் அண்ணா எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல் கட்டினார். இறக்குமதிப் பகுதியை எழுதியவர் அவர்தான். ஒப்பிடும் நிரலும் அவருடையதுதான். ஒவ்வொரு மேசையாக வந்தார். என் மேசைக்கு வராமல் போய்விடுவார் என்று நினைத்துக் கையைக் கீழே வைத்துக்கொண்டேன்.

"கையக் குடு. ஊசியா போடப் போறேன்?"

கொடுத்தேன்.

"நாரையையோ பூத்த மரத்தையோ பாத்தாதான் அவுக்கணும். நம்ம சிமென்ட் அடுக்குமாடிக்கு எந்த நாரை வரும்? உனக்கு ஜூலை வரைக்கும் கையிலதான்."

பிறகு என் நோட்டைப் பார்த்தார். "இன்னிக்கு எத்தன வட்டம்? ஒலிம்பிக் கொடியே வரைஞ்சிடுவ போல."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். வெளியே தெரிந்ததா என்று தெரியவில்லை.

மார்ச் 5, திங்கள்

ஐம்பத்திரண்டாம் கோப்பு. நோட்டில் ஒன்பது. திரையில் ஏழு. நிரல்: அதே.

மார்ச் 6, செவ்வாய்

காணாமல் போனவை எவை என்று தெரிந்துவிட்டது.

நாற்பத்தொன்றில் ஒரு குடம். அதைக் கண்டெடுத்தவர் ஒருவர். அந்த ஒருவருக்குக் கோப்பில் பெயர் இல்லை. அருங்காட்சியகத்துக்கே தெரியாது போலிருக்கிறது. அவர் ஆடு மேய்ப்பவர், மேட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. நோட்டில் அவரை வெறும் வட்டமாகப் போட்டு அதிலிருந்து மூன்று அம்பு வரைந்திருக்கிறேன்: குடத்துக்கு ஒன்று, மேய்ப்பவர் என்ற வகைக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று.

திரையில் குடம் இருக்கிறது. மேடு இருக்கிறது. கிராமமும் இருக்கிறது. அவர் இல்லை. மூன்று அம்பும் இல்லை.

ஐம்பத்திரண்டிலும் அப்படித்தான். பெயர் இல்லாத இரண்டு பேர். இரண்டு பேரும் இல்லை.

அப்படியானால் நிரல் ஏன் "அதே" என்கிறது? வரிக்கு வரி பார்க்கிறதே. அதன் கண்ணில் படாமல் எப்படி?

மார்ச் 8, வியாழன்

பெண்கள் தினம். பெண்கள் எல்லார் மேசையிலும் ஒரு கார்னேஷன் பூ. என் மேசையிலும். வைத்தவர் யார் என்று தெரியாததால் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

வீட்டில் பூச்சாடி எங்கே என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும். ஜாம் பாட்டிலில் வைத்தேன்.

மார்ச் 12, திங்கள்

சொன்னேன். அதற்குப் பெயர் சொல்வது என்றால்.

காலையிலிருந்து வாக்கியத்தைத் தயார் செய்தேன். "யாவோர் அண்ணா, பெயரில்லாதவை இறக்குமதியில் விழுந்துபோகின்றன." பதினொரு மணிக்கு அவர் கீழே போய்க் காபியும் சீஸ் வைத்துச் சுட்ட பானித்சாவும் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வீடு எங்கள் பேட்டையிலேயே ஒரு பானித்சா கடைக்கு மேலேதான் இருக்கிறது. அந்தக் கடைப் பானித்சா மாதிரி ஊரில் எங்கேயும் கிடையாது என்று தினமும் சொல்வார். இருந்தும் இங்கே கீழே வாங்கித் திட்டிக்கொண்டே தின்பார். எழுந்து போனேன்.

"அண்ணா. நாப்பத்தொண்ணுல வட்டம் ஒண்ணு குறையுது."

"நிரல் என்ன சொல்லுது?"

"அதேன்னு."

"அப்புறம் என்ன? உன் பென்சிலுக்கும் என் நிரலுக்கும் சண்டைன்னா நான் யார் பக்கம்னு நெனைக்கிற?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவர் பானித்சாவில் பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்து தின்றேன். தயார் செய்த வாக்கியத்தையும் அதோடு சேர்த்து விழுங்கினேன்.

மார்ச் 15, வியாழன்

நிரலைத் திறந்து பார்த்தேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் யாவோர் அண்ணா ஒவ்வொரு பகுதிக்கு மேலும் அது என்ன செய்கிறது என்று நம் மொழியில் எழுதி வைப்பார். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன்.

பாதியில் இது இருந்தது:

"பெயரில்லாதவற்றை விட்டுவிடு. இக்லிகாவுக்காக. நவம்பர் 14."

என் பெயர்.

எல்லாம் ஞாபகம் வந்தது. பெயரில்லாதவற்றுக்குக் கிராதினா தானாக ஓர் அடையாள எண் போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேறு எண். அதனால் நிரலுக்கு அவை எல்லாமே மாறிப்போனதாகத் தெரியும். ஒரு கோப்புக்கு நூறு சிவப்பு வரி. ஒவ்வொன்றையும் நான் கையால் பார்த்துச் சரிதான் என்று அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் வேலைக்கு வந்து ஐந்து வாரம். யாரிடமும் புகார் சொல்லவில்லை. அவராகத்தான் என் மேசைப் பக்கம் வந்தார்.

"கண்ணு என்ன, மொளகாப் பொடி போட்ட மாதிரி இருக்கு?"

"செவப்பு வரி நெறைய வருது அண்ணா."

"இதச் சொல்றதுக்கு அஞ்சு வாரமா உனக்கு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினார். மறுநாள் சிவப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு நான் வீடு வரை நடந்தே வந்தேன். எனக்காக ஒருவர் உட்கார்ந்து ஒன்றைச் செய்தார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பள்ளியை விட்ட பிறகு அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை.

ஜனவரியில் இறக்குமதியை வேகப்படுத்துவதற்காக அவர் அதைத் திரும்ப எழுதினார். அப்போதுதான் பெயரில்லாதவை விழ ஆரம்பித்திருக்க வேண்டும். நிரலோ நவம்பரிலிருந்தே அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்க்காதே என்று சொல்லியிருக்கிறோம். எனக்காக.

மார்ச் 18, ஞாயிறு

அப்பா லாரியோடு வந்தார். ஆஸ்திரியாவிலிருந்து சாக்லேட் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். "உன் பெயர் நாளுக்கு நான் ரோட்டுல இருப்பேன், இப்பவே வெச்சுக்கோ" என்றார். எங்கள் ஊரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு, பிறந்தநாள் மாதிரி. அவர் ஒருநாள் முழுக்கத் தூங்கினார். அவர் குறட்டை நன்றாக இருந்தது. வேறு அறையில் ஒரு சத்தம்.

மார்ச் 19, திங்கள்

கிளம்பிவிட்டார்.

மார்ச் 21, புதன்

பழைய நாற்பதிலும் தேடினேன். பெயரில்லாதவை வருகிற கோப்புகள் மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும் விழுந்திருக்கின்றன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பட்டியலில் எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டு "அதே". எல்லாம் என் கையால் போட்டது.

மார்ச் 23, வெள்ளி

அர்னவுதோவா மேடம் எல்லாரையும் பெரிய மேசைக்குக் கூப்பிட்டார். திட்டத்தின் தலைவர் அவர். அவர் பேசினால் யாரும் காபியைக்கூட உறிஞ்ச மாட்டார்கள்.

"புதன்கெழம பட்டியல் தெசலோனிகிக்குப் போகுது. அதப் பாத்துட்டுத்தான் அருங்காட்சியகம் முடிவு பண்ணும். சரின்னா ஈஸ்டருக்கு அப்புறம் அவங்க மொத்தப் பொருள் பட்டியலையும் கிராதினாவுக்குள்ள கொண்டுவந்துட்டு பழசை மூடிடுவாங்க. நமக்கும் ரெண்டாம் வருஷத்துக்குப் பணம் உறுதி."

பழசை மூடிவிடுவார்கள். அந்த மேய்ப்பவரைப் போல அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? குடத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர்கள். மூடிய பிறகு யாரும் இருந்ததாகவே இருக்காது.

"எழுபத்திரண்டுக்கு எழுபத்திரண்டு. கிரேக்கக்காரன் அவனோட மென்பொருள்லயே அவ்ளோ வாங்கல" என்று யாவோர் அண்ணா நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மேடம் சுற்றிப் பார்த்தார். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? இப்பவே சொல்லிடுங்க. அங்க போயி என் முன்னாடி முழிக்காதீங்க."

பிறகு என்னையும் பார்த்தார். "இக்லிகா, உன் ஒப்பந்தம் முப்பத்தொண்ணோட முடியுதுல்ல? கவலப்படாத. பட்டியல் போகட்டும், பேசிக்கலாம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்தாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. வரலாற்று ஆசிரியை கரும்பலகைக்குக் கூப்பிடுவார். இருபத்தாறு பேர் பார்ப்பார்கள். பதில் முழுவதும் எனக்குத் தெரியும். வாய் திறக்காது. "உக்காரு. ரெண்டு மார்க்." இரண்டாம் முறையும் இரண்டு, அதாவது ஃபெயில். மூன்றாம் முறை என் முறை வருகிற நாளில் நான் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும். யாராவது வந்து கேட்பார்கள் என்று நினைத்தேன்.

மார்ச் 25, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். வீட்டில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஏன் வாயத் தொறக்கல? ஏண்டி? எல்லாரும் இருந்தாங்க. அவங்களே கேட்டாங்க. ஒரு வாக்கியம். ஒண்ணே ஒண்ணு.

சொன்னால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்கிறேன். யாவோர் அண்ணாவின் சந்தோஷம் போகும். அவர் எனக்காகச் செய்தது ஒரு தப்பாக மாறும். என் ஒப்பந்தம் முப்பத்தொன்றோடு முடியும். பிறகு ஏப்ரல். இந்தச் சமையலறை, இந்த மேசை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போன். காலை ஒன்பது மணிக்கு எனக்கு "வணக்கம்" என்று சொல்கிற ஒரே அறை அது. அர்த்தத்தோடு சொல்கிறார்களோ இல்லையோ, சொல்கிறார்கள்.

சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியும்.

மார்ச் 27, செவ்வாய்

செய்துவிட்டேன்.

மதியம் எல்லாரும் சாப்பிடக் கீழே போனார்கள். நிரலை நகல் எடுத்து, நகலில் மட்டும் அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன். சிவப்பு. ஆனால் நவம்பரில் வந்த மாதிரிச் சிவப்பு இல்லை. அன்றைக்கு ஒரு பக்கம் ஒரு எண், மறுபக்கம் வேறு எண் இருக்கும். இன்றைக்கு ஒரு பக்கம் எண். மறுபக்கம் எதுவுமே இல்லை.

பட்டியலில் பதினோரு இடத்தில் "அதே"வை அழித்து "குறைந்தது" என்று போட்டேன். குறிப்புக்கான கட்டத்தில் எழுதினேன்: "பெயரில்லாதவை இறக்குமதியில் விழுகின்றன. ஒப்பிடும் நிரல் நவம்பர் 14 முதல் அவற்றைப் பார்ப்பதில்லை. அது என் வேலையைக் குறைக்கச் சேர்க்கப்பட்டது. பிறகு சரிபார்க்காமல் 'அதே' என்று போட்டது நான்." மூன்று முறை மாற்றி எழுதினேன். பொய் இல்லாமலும் அவர் பெயர் இல்லாமலும் எழுதுவது கடினமாக இருந்தது.

மேடத்துக்கும் யாவோர் அண்ணாவுக்கும் அனுப்பினேன். நோட்டை யாவோர் அண்ணா மேசையில் வைத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். அவர்கள் படியேறி வருவதற்குள் தலைவலி என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தலை வலிக்கவில்லை.

மார்ச் 28, புதன்

போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். பள்ளியை அப்படித்தான் விட்டேன், ஒவ்வொரு பஸ்ஸாக. மூன்றாவதில் ஏறினேன்.

யாவோர் அண்ணா என் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை.

"வந்துட்டாங்க, நீதிபதி. பத்தடி தூரத்துல உக்காந்திருக்கேன். மெயில்ல அனுப்புவாங்களா? அதுவும் மேடத்துக்கு? அதுவும் கடைசி நாளைக்கு மொத நாளு?"

"நான்..."

"நீ என்ன?"

வரவில்லை. பன்னிரண்டாம் தேதி சொன்னேன் என்று வரவில்லை. நின்றேன். அவர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவை மூடச் சொன்னார்.

"பதினொண்ணும் உறுதியா?"

"உறுதி."

"கையாலயே எண்ணினியா?"

"ஆமா."

"சரி. அறுபத்தொண்ணுன்னு அனுப்புறேன். எழுபத்திரண்டுன்னு அனுப்பி, அவங்க பழசை மூடினப்புறம் மாட்டிக்கிட்டு நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? ரெண்டு வாரம் கூடுதலாக் கேட்டிருக்கேன். குடுப்பாங்களான்னு தெரியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் நோட்டப் பாத்தேன், கையெழுத்து நல்லா இருக்கு. வெள்ளிக்கெழம நான் கேட்டப்ப வாயையும் கொஞ்சம் பயன்படுத்தியிருக்கலாம்."

"என் ஒப்பந்தம்..."

"அவங்க பதில் வரட்டும்."

மார்ச் 29, வியாழன்

இன்றைக்கு யாவோர் அண்ணா எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

மார்ச் 30, வெள்ளி

இன்றைக்கும்.

நோட்டு அவர் மேசையிலேயே இருக்கிறது. நான் கேட்கவில்லை. அவர் தரவில்லை. நாள் முழுக்க இறக்குமதியைக் குடைந்துகொண்டிருந்தார். சாப்பிடவும் போகவில்லை.

சாயங்காலம் யாரோ அவரிடம் கேட்டார்கள்: "ஞாயித்துக்கெழம உன் பெயர் நாளாச்சே, மீன் விருந்து உண்டா? இல்ல இந்த வருஷம் துக்கமா?"

"மீன் இருக்கும். வர்றவன் வரட்டும்" என்றார், திரும்பாமல்.

எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். அவர் பெயர் ஒரு மரம். என் பெயர் ஒரு பூ. மரப் பெயர்க்காரர்களுக்கும் பூப் பெயர்க்காரர்களுக்கும் ஒரே நாள், ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இந்த வாரம் நான் யார் கண்ணிலும் படாதவள் ஆகிவிட்டேன். இல்லை, இந்த வாரம் மட்டுமில்லை.

ஏப்ரல் 1, ஞாயிறு

காலையில் தேவாலயத்துக்குப் போய் வில்லோ மரக் கிளை வாங்கி வந்து கதவில் கட்டினேன். தரையைத் துடைத்தேன். அப்பா கொடுத்த சாக்லேட் பெட்டியை மேசையில் வைத்தேன், திறக்காமல். ஆறு கோப்பை. அம்மாவின் நல்ல கோப்பைகள்.

பெயர் நாளுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள். கூப்பிடாமல் வந்தால்தான் மரியாதை. அதனால் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான், காத்திருப்பது. அம்மா இருந்த வருஷங்களில் இந்த அறையில் நிற்க இடம் இருக்காது. எல்லாரும் அம்மாவுக்காக வந்தவர்கள் என்று அவள் போன பிறகுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.

"வந்துட்டாங்களா யாராவது?"

"இன்னும் நேரம் இருக்கும்மா."

"வருவாங்கடி. என்ன குடுக்கப் போற?"

"சாக்லேட்."

"நல்லாச் சிரிச்சுக்கிட்டே குடு."

பன்னிரண்டு. ஒன்று. படிக்கட்டில் காலடி கேட்டது, மேல்மாடிக்குப் போனது. இரண்டு.

ஆறு கோப்பையையும் கழுவினேன். அழுக்கே இல்லாத கோப்பைகள். கழுவிக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. யாருக்கு என் வீடு தெரியும்? ஆய்வகத்தில் என் முகவரி ஒப்பந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. நான் இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் வர வேண்டும் என்று அம்மா போனதிலிருந்து ஏழு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

யாவோர் அண்ணா வீடு தெரியும். பானித்சா கடைக்கு மேலே. இந்தப் பக்கம் அப்படி ஒரு கடைதான் இருக்கிறது, மூன்று நிறுத்தம் தள்ளி. அவர் என்னைக் கூப்பிடவில்லை. யாரையுமே கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது. அதனால் ஏன் வந்தாய் என்று அவரால் கேட்க முடியாது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் முடியாது.

கதவைச் சாத்திவிடுவார். இல்லை, அப்படிப்பட்டவர் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அதைவிட மோசம்.

கோட்டு எங்கே.

அதே நாள், மாலை

நடந்தே போனேன். கட்டடங்களுக்கு நடுவில் ஒரு ப்ளம் மரம் பூத்திருந்தது. யார் யாரோ அவிழ்த்துக் கட்டிய நூல்கள் கிளை முழுக்கத் தொங்கின. நான் என்னுடையதை அவிழ்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தது அவருடைய அம்மா. கையில் மீன் வாசனை, இடுப்பில் துணி.

"யாரும்மா நீ?"

"இக்லிகா."

"அட, உனக்கும் இன்னிக்குத்தானே. அப்ப நீ ஏன் உன் வீட்ல இல்ல? வா, உள்ள வா, செருப்பெல்லாம் பரவால்ல. டேய் யாவோர், பெயர் நாள் கொண்டாடுற இன்னொருத்தி வந்திருக்கா."

மேசையைச் சுற்றி எட்டுப் பேர். மாமா, சித்தப்பா மாதிரி ஆட்கள். ஆய்வகத்திலிருந்து ஒருவரும் இல்லை. அவர் எழுந்து நின்றார். நான் சாக்லேட் பெட்டியை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. பிறகு வாங்கினார்.

"வீட்ட எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கடைக்கு மேலன்னு தெனமும் சொல்வீங்களே."

"சொல்வேன்ல." பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் நோட்ட மூணு தடவ மொதல்லேருந்து கடைசி வரைக்கும் பாத்தேன். பன்னெண்டாம் தேதி வந்து சொன்னது நீ. சிரிச்சது நான். அத புதன்கெழமையே சொல்லியிருக்கணும்." பிறகு, "உக்காரு. மீன்ல முள்ளு ஜாஸ்தி, பாத்து."

உட்கார்ந்தேன். ஒரு தட்டு வந்தது. யாரோ ரொட்டியை என் பக்கம் தள்ளினார்கள்.  நான் உட்கார இரண்டு பேர் நாற்காலியை நகர்த்தியிருந்தார்கள்.

மீசை வைத்த ஒரு மாமா கேட்டார்: "ரெண்டு பேரும் அங்க அப்படி என்னதான்டா பண்றீங்க? நாலு நாளா இவன் மூஞ்சி ஏன் வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி இருக்கு?"

"தப்பு பண்ணிட்டேன் மாமா. ஜனவரிலேருந்து யார் கண்ணுக்கும் தெரியல. நாங்கல்லாம் மெஷின் சொன்னதப் பாத்துட்டு இருந்தோம். இவ பென்சில்ல எண்ணிட்டு இருந்திருக்கா."

"என்னத்த எண்ணினா?"

யாவோர் அண்ணா ஒரு காகிதத் துவாலையை எடுத்துத் தட்டுகளை ஒதுக்கி விரித்தார். பேனா தேடினார். நாற்பத்தொன்றாம் கோப்பு. குடம் என்று ஒரு வட்டம். மேடு. கிராமம். அருங்காட்சியகம். மேய்ப்பவர் என்ற வகை. தோண்டிய வருஷம். அம்புகள் போட்டார். ஆறு வட்டத்தோடு நிறுத்திவிட்டுத் துவாலையை என் பக்கம் திருப்பினார்.

மாமா எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? இதுல என்ன கொற?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அவருடைய அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார். யாவோர் அண்ணா பேனாவை இன்னும் மூடவில்லை.

நான் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, ஏழாவது வட்டத்தைப் போட்டேன்.